தேன்மொழிக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கு அனைவரும் நலம். போனில் நான் பேசத் தொடங்கினாலே உன் அம்மா வாங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

இந்த மாதமும் ஒன்றாம் தேதியே பணம் வந்துவிட்டது. அடுத்த மாதம் அனுப்ப வேண்டாம். மாடி வாடகை எங்கள் இருவருக்கும் போதும். உன் சேமிப்பில் கை வைக்காதே.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாய். இப்போது செவ்வாய், புதன் என்று பகல் பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறாய். "சாப்பிட்டீர்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அம்மாவுக்கு அதில் மகிழ்ச்சி. நான் எதுவும் சொல்லவில்லை.

உன் ஓடிடி துறைச் செய்தி எது வந்தாலும் பேப்பரில் விடாமல் படிக்கிறேன். 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் மொபைல் சந்தாவை 199 ரூபாயிலிருந்து 149 ஆக்கியது. 2022 ஏலத்தில் ஐபிஎல்லின் இந்திய டிஜிட்டல் உரிமைக்கு மட்டும் 20,500 கோடி ரூபாய் கொடுத்தவர்கள், மறு வருடமே ஜியோசினிமாவில் ஆட்டங்களை இலவசமாகக் காட்டினார்கள். கடைசியில் 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒரே ஆப் ஆகிவிட்டன. அந்த வருட ஐபிஎல்லுக்குச் சந்தா கேட்டார்கள். உன் கம்பெனி இதில் எதுவும் இல்லை, தெரியும். ஆனால் பெரியவர்கள் இப்படி மோதினால் மற்றவர்கள் பாடு என்ன ஆகும் என்று கேபிள் தொழிலில் இருந்தவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து ஏரியா ஆபரேட்டர் நம் தெருவுக்குள் ஒயர் இழுத்தது நினைவிருக்கிறதா? அவன் இலவசம் என்றான், நானும் இலவசம் என்றேன். வீடுகளுக்குக் கொண்டாட்டம். பிறகு இருவரும் பேசி ஒரே கன்ட்ரோல் ரூம் ஆக்கினோம், சந்தாவை ஏற்றினோம். லைன்மேன்களில் யாரை நிறுத்துவது என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து பெயர் எழுதினோம். முருகேசன் வேலை தெரியாமலா போனான்? கொட்டுகிற மழையில் கம்பத்தில் ஏறி ஆம்ப்ளிஃபையர் மாற்ற அவனை விட்டால் ஆள் கிடையாது. கணக்கில் ஒரு தலை அதிகம், அவ்வளவுதான். அவன் திறமையில் ஒரு குறையும் இல்லை. இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள்.

2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தபோது நான் வீட்டில் வாயே திறக்கவில்லை. நீ பத்தாம் வகுப்பு. கலெக்ஷன் நோட்டை எடுத்துவைத்து, எழுபதில் இருபது அரசுக்குப் போனால் ஒரு வீட்டுக்கு ஐம்பது நிற்கும், கரண்ட் பில் போக இவ்வளவு மிஞ்சும், சமாளிக்கலாம் அப்பா என்றாய். உன் பென்சில் கணக்கு அந்த நோட்டின் பின்பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இன்று தன் வீட்டில் சொல்ல என்ன தயக்கம்? நாங்கள் அவ்வளவு வேற்று மனிதர்களாகிவிட்டோமா?

கோபப்படவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. சேமிப்பில் கை வைக்காதே, வீட்டு அட்வான்ஸையும் தொடாதே. சாத்தூர் மனை பற்றிச் சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். இந்த முறை அவர் மறுப்புச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போடு. லேப்டாப்பைக் கொண்டுவந்தாலும் சரி, கொண்டுவராவிட்டாலும் சரி, எத்தனை நாள் என்று இங்கே யாரும் கேட்கமாட்டோம். எந்த பஸ் என்று மட்டும் சொல், வண்டி எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா