புவியியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் கூட்டத்தில், பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சு வந்தபோது, தம் மகன் புவியியலில் ஆர்வமாக இருப்பதாகச் சொன்ன ஒரு தந்தை, "அதைப் படித்துவிட்டு இவன் என்ன சார் செய்வான்?" என்று கேட்டார். நேரம் ஆகிவிட்டதால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். உங்களில் பலருக்கும் அதே ஐயம் இருக்கும் என்பதால், நில அளவை, வரைபடத் துறை வேலைகளைப் பற்றிய மீதியை இங்கே எழுதுகிறேன்.

நம் பள்ளி மாடியில் நின்றால் பரங்கிமலை தெரியும். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி அந்த மலைப்பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரத்தைச் சங்கிலி போட்டு அளந்தார். அந்த அடிக்கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போன அளவைதான் பின்னாளில் இமயம் வரை எட்டியது. அதற்கும் முன்னரே, 1794-ல், நில அளவை கற்பிப்பதற்காகச் சென்னையில் தொடங்கப்பட்ட பள்ளிதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி.

சங்கிலியின் இடத்துக்கு இன்று செயற்கைக்கோளும் ட்ரோனும் ஜி.பி.எஸ். கருவியும் வந்துவிட்டன. வீட்டுமனை வாங்கியவர்கள் பட்டாவையும் புலப்படத்தையும் வைத்துக்கொண்டு சர்வே எண்ணின் உட்பிரிவைத் தேடி அலைந்திருப்பீர்கள். (நானும் அலைந்தவன்தான்; ஓர் உட்பிரிவு எண் தவறாகப் பதிவானதைத் திருத்த எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது.) அந்தப் புலப்படத்தின் ஒவ்வொரு மூலைக்கும் உரிய அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, அதன்மேல் தெரு, மழைநீர் வடிகால், நிலத்தின் உயரம், மக்கள்தொகை ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகப் பரப்பி, "இந்த வடிகால் நிரம்பினால் எந்தெந்த வீடுகளில் தண்ணீர் புகும்?" என்று கேட்டு விடை பெறும் முறையைத்தான் ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் அமைப்பு) என்கிறார்கள். சென்னை தட்டையான ஊர் என்பதால் அரை மீட்டர் உயர வேறுபாடுகூட இங்கே ஒரு தெருவின் கதையை மாற்றிவிடும். 2015 வெள்ளத்தின்போது நீரில் மூழ்கிய தெருக்களைத் தன்னார்வலர்கள் இணைய வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி பெறாமலே நுட்பமான வரைபடங்களைத் தயாரிக்க மத்திய அரசு 2021-ல் வழிவிட்டதால், இந்த வேலைக்குத் தனியார் துறையிலும் வாய்ப்பு விரிந்திருக்கிறது. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். படத்தைப் பார்த்துக் கோடு இழுக்கும் வேலையோடு நின்றுவிடுபவருக்குச் சம்பளமும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. புள்ளியியலும் தரவுத்தளமும் பைதான் என்ற கணினி மொழியில் ஓரளவு நிரல் எழுதவும் கற்றுக்கொண்டு, வெயிலில் களத்துக்குப் போகவும் தயங்காதவரே மேலே போகிறார். மென்பொருளை ஆறு மாதத்தில் கற்றுக்கொடுத்து வேலைக்கு உறுதி தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டவேண்டாம்.

படிப்பு வழிகள் பல. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பொறியியல் கலந்தாய்வு மூலம் கிண்டியில் பி.இ. ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் சேரலாம். கலைப் பிரிவில் புவியியல் படித்தவர்கள் மாநிலக் கல்லூரி போன்ற இடங்களில் பி.எஸ்சி. புவியியல் முடித்து முதுகலையில் தொலையுணர்வுப் பக்கம் (செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் படிப்பு) திரும்பலாம். ஐ.டி.ஐ.யில் சர்வேயர் பிரிவு படித்தவர்களுக்கு அரசு நில அளவர் தேர்வு இருக்கிறது. கணிதம் பிடிக்காத பிள்ளையை இதற்காகக் கணிதப் பிரிவில் தள்ளவேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கணினி ஆய்வகத்தில், இலவசமாகக் கிடைக்கும் கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளைக் கொண்டு, பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களின் மழைநீர் வரைபடத்தைப் புவியியல் ஆசிரியர் மாணவர்களுடன் சேர்ந்து தயாரிக்கவிருக்கிறார். விருப்பமுள்ள பெற்றோரும் உடன் வரலாம். சென்ற மழைக்காலத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்துக்கு, எத்தனை நாள் நின்றது என்பதை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்பவும். கணுக்கால், முழங்கால் என்று எழுதினாலும் போதும். அதை சென்டிமீட்டருக்கு மாற்றுவதை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
சென்னை