அந்த 12 சோடி சப்பாத்துப் பற்றி: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கும், பிள்ளைகளைக் கடைக்குள் விட்டுவிட்டுக் காருக்குள் காத்திருக்கிற அம்மா அப்பாமாருக்கும் வணக்கம்.

எங்கள் ஸ்கேட்போர்ட் கடையைப் பற்றிய ஒரு குரல் பதிவு ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "அண்ணா, இது உங்கட கடையா?" என்று கேட்டு எனக்கே கனபேர் அனுப்பிவிட்டார்கள். ஓம், எங்கள் கடைதான். ஒரு பெரிய நிறுவனத்தின் அரிய சப்பாத்து ஒன்று கடைக்கு வந்த சனிக்கிழமை, விடிய முன்னரே வந்து வரிசையில் நின்ற ஒரு தாய்க்கும் மகனுக்கும் நாங்கள் கொடுக்கவில்லை. அது நடந்தது. அதற்கு மேல், பிள்ளையை அவமானப்படுத்தினோம், மிச்சத்தைப் பின்கதவால் விற்றோம், தமிழருக்கு இல்லை என்றோம் என்று அந்தப் பதிவில் சொல்லப்படுகிறவை நடக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சின்னக் குறிப்பு ஏற்கெனவே போட்டோம், ஆனால் பதிவு தமிழில் போகிறது, கேட்கிறவர்கள் உங்களைப் போன்ற பெற்றோர், ஆகவே தமிழிலேயே விளக்கமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று வந்தது 12 சோடி. வெளியே நின்றவர்கள் அதைவிடப் பல மடங்கு. எங்கள் விதி கடைக் கண்ணாடியில் எப்போதும் ஒட்டியிருக்கிறது: இப்படியான சப்பாத்து வந்தால் ஸ்கேட் பண்ணுகிறவர்களுக்குத்தான், அதாவது சில்லு வைத்த பலகையில் ஓடுகிறவர்களுக்குத்தான் முதலில். போர்டைக் கொண்டு வாருங்கள், ஒருவருக்கு ஒரு சோடி, உங்கள் கால் அளவு மட்டும், கடையிலேயே லேஸ் கோர்த்துப் போட்டுக்கொண்டு போக வேண்டும், பெட்டி எங்களிடம் நிற்கும், வாங்கித் திருப்பி விற்கிறவர்களைத் தடுக்கத்தான். போர்ட் பழையதா புதியதா என்று பார்ப்பதில்லை, ஏதாவது செய்து காட்டு என்று யாரையும் கேட்பதும் இல்லை. "பிள்ளையை எல்லாருக்கும் முன்னால் ஸ்கேட் பண்ணிக் காட்டச் சொல்லி அவமானப்படுத்தினார்கள்" என்று பதிவில் இருக்கிறது. போர்ட் இருக்கிறதா தம்பி என்று கேட்டோம், இல்லை என்றான், அடுத்தவரைக் கூப்பிட்டோம். அந்தப் பிள்ளையின் முகம் வாடியது எனக்கும் தெரிந்தது, குளிருக்குள் நின்ற அந்த அம்மாவின் கோபமும் எனக்கு விளங்குகிறது.

ஆனால் "மிச்சத்தைப் பின்கதவால் கூடின விலைக்கு விற்றுவிட்டார்கள்" என்று சொன்னது இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். 12 சோடியும் பெட்டியில் அச்சடித்த விலைக்கு, அதன் மேல் 13 சதவீத வரியோடு, முன்கதவால் போயின. பன்னிரண்டுக்கும் பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், பெயரை மட்டும் மறைத்துக் காட்டுவேன். ஒரு சோடி, இரவு வேலை முடித்து நேரே வந்த ஒரு தாதிக்குப் போனது, அவர் கோடை முழுக்க ஆஷ்பிரிட்ஜஸ் பே ஸ்கேட்பார்க்கில் நிற்பவர். ஒரு சோடி, பழைய சப்பாத்தில் ஓட்டை விழுந்து பெருவிரல் தெரிய வந்த ஒரு பெடியனுக்கு. கடையில் வேலை செய்கிறவர்கள் ஒருவரும் எடுக்கவில்லை. என் சொந்தத் தமக்கையின் மகன் கேட்டான், அவன் ஸ்கேட் பண்ணுவதில்லை, இல்லை என்று சொன்னேன், அதற்காகத் தமக்கை என்னோடு இன்னும் சரியாகக் கதைப்பதில்லை. வரிசை தொடங்க முன்னரே ஒருவர் வந்து எல்லாவற்றையும் இரட்டை விலைக்கு எடுக்கிறேன், காசு கையில் இருக்கிறது என்றார். அன்றைக்கு நான் ஓம் என்று சொல்லியிருந்தால் கடை வாடகையில் ஒரு பெரிய பங்கு வந்திருக்கும். சொல்லவில்லை. அப்படியிருக்க, வாங்காத காசுக்காகப் பேச்சுக் கேட்பது சரியான வேதனை.

"தமிழ்க் கடை என்று நம்பிப் போனோம், தமிழருக்கே இல்லை என்றார்கள்" என்றும் ஒரு வரி. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் எங்கள் பிள்ளைகள்தான், 12இல் சில சோடி அவர்கள் காலுக்கும் போனது. போர்டோடு வந்ததால் போனது. வேறு எதையும் நான் பார்க்கமாட்டேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கிற பெற்றோருக்கு. ஸ்கேட்போர்ட் மேலே எழும்ப, முன்காலின் வெளிப்பக்கத்தைச் போர்டின் மேல் ஒட்டியிருக்கிற சொரசொரப்பான கிரிப் தாளில் உரசி இழுக்க வேண்டும். ஒரு நாளில் அதை நூறு தரம் செய்கிற பிள்ளைக்கு கன்வஸ் சப்பாத்து சில கிழமைதான் வரும், நல்ல சுவேட் தோல் என்றால் இன்னும் கொஞ்சம் தாங்கும். முதலில் லேஸ் அறும், பிறகு சின்னிவிரல் பக்கம் ஓட்டை விழும். உங்கள் மகன் கோடையில் இரண்டு மூன்று சோடி கேட்பது ஆடம்பரத்துக்கு இல்லை. அந்தச் சப்பாத்தைத்தான் இன்னொருவர் பெட்டியோடு அலமாரியில் வைத்து விலை ஏறும்வரை காத்திருக்கிறார்.

ஸ்கேட்டர்களுக்கும் பெரிய கம்பனிகளுக்கும் இடையிலான இந்த இழுபறி எங்கள் கடையை விடப் பழையது. 1966இல் கலிபோர்னியாவின் அனஹைமில் வான்ஸ் என்ற சப்பாத்துக் கம்பனி தொடங்கியபோது போல் வான் டோரனும் கூட்டாளிகளும் ஸ்கேட்டர்களை நினைத்துச் சப்பாத்துத் தைக்கவில்லை. தடித்த ரப்பர் அடி போர்டில் நன்றாக ஒட்டிப் பிடித்தது, சாந்தா மொனிக்காப் பக்கத்துப் பிள்ளைகள் தாங்களாகவே அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு காலுடையதுதான் முதலில் தேயும், அதனால் வான் டோரன் ஒற்றைச் சப்பாத்தாகவும் விற்றார். இன்றைக்கு எந்தக் கம்பனி அப்படிச் செய்யும்? 1976இல் ஸ்கேட்டர்களான டோனி அல்வாவும் ஸ்டேசி பெரால்டாவும் கைகொடுத்து, கணுக்காலைச் சுற்றி மெத்தை வைத்த எரா என்ற சப்பாத்து வந்தது. அதே வான்ஸ், கூடைப்பந்து, மல்யுத்தம், பிரேக் டான்ஸ் என்று கண்ட கண்ட பக்கமெல்லாம் போய் 1984இல் வங்குரோத்தானது, பிறகு மீண்டது. 1989இல் அவர்கள் ஸ்டீவ் கபயெரோ என்ற ஸ்கேட்டரின் பெயரில் உயரமான சப்பாத்து ஒன்று விட்டார்கள். ஸ்கேட்டர்கள் அதைப் பாதியில் வெட்டி டேப் ஒட்டிப் போட்டார்கள், அதைப் பார்த்துத்தான் 1992இல் ஹாஃப் கேப் என்ற அரை உயரச் சப்பாத்து வந்தது. அது இப்போதும் எங்கள் இடதுபக்கத் தட்டில் இருக்கிறது. பிள்ளைகள் கத்தரிக்கோலால் கண்டுபிடித்த சப்பாத்து அது.

நைக்கியின் கதை வேறு. 1985இல் வந்த எயார் ஜோர்டன் கூடைப்பந்துக்கானது. தோல் தடிப்பு, கணுக்காலை மூடும், விற்காமல் விலை குறைத்துக் கிடந்த சோடிகளை ஸ்கேட்டர்கள் வாங்கிப் போட்டுத் தேய்த்தார்கள். அப்போது கம்பனி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய கம்பனிகள் பார்க்காமல் விட்ட அந்த 1990களில் ஸ்கேட்டர்கள் தாங்களே கம்பனி கட்டினார்கள். 1994இல் டிசி என்ற சப்பாத்துக் கம்பனி வந்தது. 1999இல் ஸ்கேட்டர்களான மைக் கரோலும் எங்கள் வன்கூவர் ஆள் ரிக் ஹவர்டும் லக்காய் என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். அந்தக் காசு ஸ்கேட்டர்களுக்குள்ளேயே சுற்றியது. 1990களின் பிற்பகுதியில் நைக்கி உள்ளே வரப் பார்த்தது. கொல்ஃப், டெனிஸ் விளையாடுகிறவர்களைப் பொலிஸ் துரத்துவதாகக் காட்டி, எல்லா வீரர்களையும் ஸ்கேட்டர்களைப் போல நடத்தினால் எப்படியிருக்கும் என்று கேட்ட விளம்பரம் அந்தக் காலத்தது. விளம்பரம் நல்ல விளம்பரம், சப்பாத்தைத்தான் கடைகள் எடுக்கவில்லை. கொன்சொலிடேட்டட் என்ற சிறிய போர்ட் கம்பனி, நைக்கியின் "ஜஸ்ட் டூ இட்" வாசகத்தைத் திருப்பி, "டோன்ட் டூ இட்" (செய்யாதே) என்று எதிர்ப் பிரசாரமே நடத்தியது.

அதில் பாடம் படித்துக்கொண்டு 2002இல் சாண்டி போடெக்கர் தலைமையில் நைக்கியின் ஸ்கேட் பிரிவான நைக்கி எஸ்பி வந்தது. 1985 கூடைப்பந்துச் சப்பாத்தான டங்கை எடுத்து, நாக்கைத் தடிப்பாக்கி, உள்ளே காற்றுமெத்தை வைத்து, ஸ்கேட் கடைகளில் மட்டும் விற்றார்கள். அது சரியான முடிவு, அந்தச் சப்பாத்தும் நல்ல சப்பாத்து, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஸ்கேட்டர்களுக்கு ஒழுங்கான சம்பளம் வந்தது, கன சின்னக் கடைகள் அந்த வியாபாரத்தால் தப்பிப் பிழைத்தன. ஆனால் கடைகளில் மட்டும் கொஞ்சமாகக் கிடைக்கிறது என்றவுடன் ஸ்கேட் பண்ணாதவர்கள் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். 2005 பெப்ரவரியில் நியூயோர்க்கில் புறாப் படம் போட்ட டங்க் விற்ற அன்று பொலிஸ் வந்து கூட்டத்தை அடக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் இப்படி இருக்க, இந்தப் பக்கம் ஸ்கேட்டர்களின் சொந்தக் கம்பனிகள் மெலிந்தன. ஒரு காலத்தில் எல்லார் காலிலும் இருந்த எஸ் என்ற ஸ்கேட் சப்பாத்துக் கம்பனி 2012இல் நிறுத்தப்பட்டு 2014இல்தான் திரும்பி வந்தது. 2020இல் டங்க் பைத்தியம் உச்சத்துக்குப் போனது. பிறகு எல்லா மோல்களிலும் டங்க் நிரம்பி, 2024இல் நைக்கியே சந்தையில் அதன் அளவைக் குறைக்கிறோம் என்று சொல்லும் நிலை வந்தது. ஆக்கள் அடுத்த சப்பாத்துக்குப் போய்விட்டார்கள். ஸ்கேட்பார்க்கில் அதே பிள்ளைகள்தான் நிற்கிறார்கள்.

எங்களுக்கு இது எப்படி விழுகிறது என்றும் சொல்ல வேண்டும். அந்த 12 சோடியைத் தர, சம்பந்தப்பட்ட நிறுவனம் சாதாரண சப்பாத்துகளைப் பெருந்தொகையில் பல மாதம் முன்னரே எங்களை எடுக்க வைக்கிறது. நாங்கள் எடுத்த அதே சப்பாத்து கொஞ்ச நாளில் அவர்களின் இணையக் கடையிலேயே தள்ளுபடியில் கிடைக்கும். அதை விற்க முடியாமல் நாங்கள் வைத்திருக்கிற அறைதான் கடைக்குப் பின்னால் இருப்பது, பதிவில் சொல்லப்படுகிற "ஒளித்து வைத்த பெட்டிகள்" அவைதான். வந்து பாருங்கள், உங்கள் அளவு இருந்தால் வாங்கின விலைக்கே தருகிறேன். அந்த நிறுவனத்தோடு இருக்கிற கணக்கை மூடிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பனி விழுந்த பிறகு இந்த நகரத்தில் போர்ட் விற்காது, சப்பாத்து விற்றுத்தான் மாசி வரைக்கும் கடையைத் திறந்து வைத்திருக்கிறோம். அதனால் அவர்களோடும் இருக்கிறோம், விதியையும் விடாமல் இருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கடை நிற்கக்கூடிய இடம் இவ்வளவுதான்.



இந்த நேரத்தில் எங்கள் பக்கம் நின்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்தக் குழுக்களிலேயே "நான் அன்று வரிசையில் நின்றேன், எனக்கும் கிடைக்கவில்லை, ஆனால் நடந்தது அப்படி இல்லை" என்று எழுதிய அந்த அப்பாவை நான் நேரில் இன்னும் சந்திக்கவில்லை, சந்தித்துக் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும். தங்கள் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சப்பாத்துகளைத் துடைத்து, லேஸ் மாற்றி, வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று வாசலில் வைத்துவிட்டுப் போகிற அம்மாமாருக்கும் நன்றி. பெருநோய்க் காலத்தில் கடை பூட்டிக் கிடந்தபோது தேவையில்லாத சில்லும் பேரிங்கும் வாங்கி எங்களைக் காப்பாற்றியவர்களை நான் மறக்கவில்லை. அதற்கும் பல வருடம் முன்னர் போர்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த எட்டு வயதுப் பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகிறார்கள், இன்னும் எங்களிடம்தான் வருகிறார்கள். பிள்ளை கெட்டுப்போகும், கால் உடையும் என்று பயந்த காலத்திலும் நம்பி எங்களிடம் அனுப்பினீர்கள். அந்த நம்பிக்கைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விதி மாறாது. அடுத்த சப்பாத்து வரும் நாளை ஒரு கிழமைக்கு முன்னரே, இந்த முறை தமிழிலும், கண்ணாடியிலும் எங்கள் பக்கத்திலும் போடுவோம், அப்போது யாரும் தெரியாமல் வந்து குளிரில் நிற்க வேண்டி வராது. போர்ட் இல்லாதவர்கள் எல்லாரும் போர்ட் வைத்திருப்பவர்கள் எடுத்து முடிந்த பிறகு மிச்சம் இருந்தால் வாங்கலாம், அதற்குத் தனி வரிசை இருக்கும்.

அந்த அம்மாவுக்கு: உங்கள் மகன் சுவரில் தொங்கிய போர்டுகளைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். வாடகைக்குக் கொடுக்கிற போர்ட் ஒன்று இருக்கிறது, ஒரு மாதத்துக்குக் காசில்லாமல் கொண்டுபோகட்டும், ஹெல்மெட்டும் தருகிறேன். சனிக்கிழமை பின்னேரம் நான் கடையில் இருப்பேன்.

அன்புடன்,
கடைக்கார அண்ணா
ஸ்காபரோ