எட்டாம் எண் ஊசியும் என் பதற்றமும்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
கைப்பின்னல் பொருள்கள் இணைய விற்பனை நிறுவனம்.

நாள்: ஆகஸ்ட் 12

பொருள்: தங்களிடம் வாங்கிய தொடக்கநிலை ஸ்வெட்டர் பின்னல் பெட்டியில் ஊசி அளவு மாறியிருந்தது, வழிமுறை ஏட்டின் தமிழ், நூற்கண்டுகளின் நிற வேறுபாடு ஆகியவை குறித்து.

பார்வை: 1. ஏப்ரல் 7 அன்று நான் செய்த ஆர்டர். 2. ஜூலை 29 அன்று தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு தொலைபேசியில் அளித்த பதில்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். அரசுப் பள்ளியில் 33 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். டொரொண்டோவில் வசிக்கும் என் மகளுக்கு ஜூலையில் பிரசவம் என்று தெரிந்தபோது, குழந்தைக்கு ஆறாவது மாதம் நடக்கும் ஜனவரிக் குளிரில் பாட்டி கையால் பின்னிய ஸ்வெட்டர் ஒன்று அதன் மேல் இருக்க வேண்டும் என்ற ஆசையில், அதுவரை ஊசியில் பூ தொடுத்ததைத் தவிர வேறொன்றும் அறியாத நான், தங்கள் பெட்டியை 1,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பெட்டிக்குள் அலுமினிய ஊசி ஒரு ஜோடியும், 50 கிராம் எடையுள்ள வெளிர் மஞ்சள் கம்பளி நூற்கண்டுகள் நான்கும், மூட்டித் தைக்க மொட்டை ஊசி ஒன்றும், தமிழில் வழிமுறை ஏடும் இருந்தன. மூடியின் மேல் "ஏழே நாளில் உங்கள் முதல் ஸ்வெட்டர்" என்று அச்சிட்டிருந்தது. பெட்டி என் வீட்டுக்கு வந்து இன்றோடு 122 நாள்கள் ஆகின்றன.

எந்தெந்தக் குறைகளைத் தங்கள் மீது சுமத்தவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். அக்னி நட்சத்திரத்தில், திருச்சியில், மடியில் கம்பளி நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது என் முடிவு. வியர்வைக் கையில் ஊசி வழுக்கியதற்கும், நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்ததற்கும் தாங்கள் பொறுப்பாக மாட்டீர்கள். வரிசையை எண்ணிக்கொண்டிருக்கும்போது குக்கர் விசிலையும் சேர்த்து எண்ணியதும், 45 கண்ணிகளோடு தொடங்கிய துண்டு இருபதாவது வரிசையில் 52 கண்ணிகளாகப் பெருத்ததும் என் பிழைகளே. வரிசையின் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலாக இழுத்துப் போட்டால் முதல் கண்ணி இரண்டு கண்ணிபோலத் தெரியும் என்பதும், அந்த இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிட்டால் வரிசைக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும் என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கின. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுத்த எனக்கு இந்தக் கூட்டல் புதிது. (தங்கள் ஏடு 'தையல்' என்று சொல்வதை நான் 'கண்ணி' என்றே எழுதுகிறேன். வலையின் கண்ணி போல ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்பதற்கு அந்தச் சொல்தான் பொருந்துகிறது.)

இனி தங்கள் ஏட்டுக்கு வருகிறேன். அதன் முதல் வாக்கியம் இது: "தொடங்கும் முன் உங்கள் பதற்றத்தைச் சரிபார்க்கவும். உங்கள் பதற்றம் 10 செ.மீ.க்கு 18 தையல்களாக இருக்க வேண்டும்." இதைப் படித்ததும் என் கணவர் இரத்த அழுத்தக் கருவியை எடுத்து வந்தார். 130-க்கு 84 காட்டியது. அதை 18-உடன் எப்படிப் பொருத்துவது என்று இருவருக்கும் தெரியாததால், வயதானவர்கள் நிதானமாகப் பின்ன வேண்டும் என்ற அக்கறையில் சொல்லப்பட்ட அறிவுரையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம். நூலை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துப் பின்னுகிறோம் என்பதைத்தான் ஆங்கிலத்தில் 'டென்ஷன்' என்பார்கள் என்றும், பத்து செ.மீ. சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதில் எத்தனை கண்ணிகள் விழுகின்றன என்று எண்ணிப் பார்த்த பிறகே ஸ்வெட்டரைத் தொட வேண்டும் என்றும், உதகையில் கான்வென்ட் ஒன்றில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் தோழி ஜூலை மாதத்தில்தான் தொலைபேசியில் விளக்கினார். அதற்குள் முதுகுப் பகுதியை நான்கு முறை பிரித்துப் பின்னியிருந்தேன்.

பிரிப்பது பற்றியும் ஏட்டில் ஒரு வாக்கியம் உண்டு. "தவறு நேர்ந்தால் நான்கு வரிசைகளைத் தவளை செய்யவும்." ஆங்கிலத்தில் 'ரிப் இட், ரிப் இட்' என்று சொன்னால் அவர்கள் காதுக்குத் தவளை கத்துவது போல் கேட்குமாம். அதனால் பின்னியதைப் பிரிப்பதற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் அது என்று தோழி சொன்னார். கேட்க வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் ஏப்ரலில், யாரும் சொல்லாத நிலையில், இரவு பதினொரு மணிக்கு அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் நிலையைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைக்குழியைக் குறைக்கும் இடத்தில் "இரண்டு பேர் சேர்ந்து பின்னவும்" என்று இருந்தது. எனக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. எனினும் அச்சில் வந்த வழிமுறையை மீறுவது ஆசிரியைக்கு அழகில்லை என்பதால், இடது ஊசியை என் கணவரிடம் கொடுத்து, வலது ஊசியை நான் பிடித்துக்கொண்டு, சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு வரிசைகள் பின்னினோம். திருமணமாகி 38 ஆண்டுகளில் எங்களுக்குள் நடந்த சண்டைகளில் அந்த அரை மணி நேரம் தனி இடம் பெறத் தக்கது. இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னி எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்பதே அதன் பொருளாம்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழைகளை இத்துடன் விடுகிறேன். அடுத்தது சிரிக்கக்கூடியதன்று. மறுபக்கக் கைக்குழியில் "ஒரு தையலை நழுவி விழச் செய்யவும்" என்று ஏடு சொன்னது. சொன்னபடி ஒரு கண்ணியை ஊசியிலிருந்து கழற்றிவிட்டேன். அது ஒரு கணம் தயங்கி நின்றது. நான் துண்டை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினேனோ இல்லையோ, அந்தக் கண்ணி தனக்குக் கீழே இருந்ததை அவிழ்த்தது, அது அதற்குக் கீழே இருந்ததை அவிழ்த்தது; என் கண் முன்னாலேயே பதினொரு வரிசை ஆழத்துக்கு ஏணிப்படி போல் குறுக்கு இழைகள் மட்டும் மிஞ்சின. நழுவுவதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் கொண்டு வந்தது ஊக்கு. கண்ணியைப் பின்னாமல் ஓர் ஊசியிலிருந்து மற்றோர் ஊசிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தால் போதும். இரண்டு நாள் வேலை வீணாகியிருக்காது.

பயிற்சிக்காக முதலில் பின்னச் சொல்லியிருந்த மஃப்ளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வரிசை நேர்ப்பின்னல், ஒரு வரிசை மறுபின்னல் என்று மாறி மாறிப் பின்னும் துணி, ஓரங்களில் தானாகவே சுருண்டுகொள்ளும். யார் பின்னினாலும் அது அப்படித்தான் செய்யும். எல்லா வரிசைகளையும் நேர்ப்பின்னலாகவே பின்னினால் துண்டு படிந்து கிடக்கும் என்று தெரிந்தவர்கள், கற்றுக்குட்டிக்குச் சுருளும் வகையை ஏன் முதல் பாடமாக வைத்தீர்கள்? படத்தில் அது இஸ்திரி போட்டது போல் தட்டையாக இருக்கிறது. என் மஃப்ளர் குழாயாகச் சுருண்டு, இப்போது என் கணவரின் குடைக்கு உறையாக இருக்கிறது.

இப்போது முதன்மையான புகார். ஏட்டில் "8 எண் ஊசி" என்று போட்டிருக்கிறது. பெட்டியில் வந்த ஊசியின் தலையிலும் 8 என்றே பொறித்திருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று நான் மட்டுமல்ல, யாரும் நினைப்பார்கள். ஆனால் எவ்வளவு கவனமாகப் பின்னியும் ஸ்வெட்டர் சிறிதாகவே வந்தது. ஜூலை 29 அன்று தங்கள் சேவைப் பிரிவை அழைத்தபோது, எதிர்முனையில் இருந்த இளைஞர் மிகுந்த மரியாதையோடு, "மேடம், உங்க டென்ஷன்தான் காரணம், கொஞ்சம் லூஸா விடுங்க" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், இதைத்தான் பல ஆண்டுகளாகத் தாமும் சொல்லி வருவதாகத் தெரிவித்தார். அந்த உரையாடலை நான் அத்துடன் முடித்துக்கொண்டேன்.

ஆயினும் உண்மையைக் கண்டுபிடித்தவரும் அவரே. தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். மறுநாள் காலை, காப்பி குடித்துக்கொண்டே ஊசியை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தவர், "இது எட்டாம் கேஜ் கம்பியாயிற்றே, நான்கு மில்லிமீட்டர் இருக்கும்" என்றார். வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தோம். சரியாக 4 மி.மீ. பழைய பிரிட்டிஷ் முறையில் ஊசிகளுக்குக் கம்பியின் பருமனைக் குறிக்கும் கேஜைப் பின்பற்றியே எண் கொடுத்தார்கள். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். நம் ஊர்க் கடைகளில் இன்றும் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க முறையோ நேர்மாறானது. எண் ஏற ஏற ஊசி பருக்கும், அங்கே எட்டாம் எண் என்பது 5 மி.மீ. அதாவது, தாங்கள் அமெரிக்க முறையில் எழுதப்பட்ட ஒரு பின்னல் வழிமுறையை மொழிபெயர்த்து, அதோடு பிரிட்டிஷ் முறையில் எண்ணிட்ட ஊசியைச் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். தங்கள் ஏட்டுக்கு உரிய ஊசி நம் கடைகளில் 6 என்ற எண்ணில் கிடைப்பது.

ஒரு மில்லிமீட்டரால் என்ன ஆகிவிடும் என்று தாங்கள் கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். முதுகுப் பகுதிக்கு 45 கண்ணிகள். பத்து செ.மீ.க்கு 18 வீதம் பின்னினால் அகலம் 25 செ.மீ.; முன்னும் பின்னும் சேர்த்துச் சுற்றளவு 50 செ.மீ. தாங்கள் அனுப்பிய ஊசியில் பத்து செ.மீ.க்கு 22 கண்ணிகள் விழுகின்றன. அப்படியானால் அகலம் இருபதரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, சுற்றளவு ஏறத்தாழ 41 செ.மீ. ஆறு மாதக் குழந்தையின் மார்புச் சுற்றளவே 43 செ.மீ. அளவுக்கு இருக்கும். உள்ளே ஒரு சட்டையையும் போட்டுவிட்டு இதை மாட்டுவது எப்படி? தற்போது அந்த ஸ்வெட்டர் எங்கள் வீட்டுப் பித்தளைக் கூஜாவுக்கு அளவெடுத்துப் பின்னியது போல் பொருந்துகிறது.

இந்த இரண்டு குறைகளையும் சேர்த்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாதிரித் துண்டு பின்னிப் பார்க்க வேண்டும் என்று புரியும்படி எழுதியிருந்தால், 18 கண்ணிகள் பத்து செ.மீ.க்குப் பதிலாக எட்டு செ.மீ.யைச் சற்றே தாண்டி நின்றதை நான் முதல் நாளே கண்டிருப்பேன், ஊசி தவறு என்பதும் அன்றே வெளிப்பட்டிருக்கும். தங்கள் ஊசி செய்த பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரே வாக்கியத்தைத் தங்கள் மொழிபெயர்ப்பு விழுங்கிவிட்டது. அதன் பிறகு பழியை என் டென்ஷன் மீது போடுவது முறையாகாது.

நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு கண்டுகளில் மூன்றின் சுற்றுத்தாளில் ஒரே சாய லாட் எண்ணும் நான்காவதில் வேறு எண்ணும் உள்ளன. ஒரே நிறமென்றாலும் தனித்தனித் தொட்டியில் சாயமேற்றிய நூல்கள் ஒத்துப்போகாது என்பதால்தானே அந்த எண்ணையே அச்சிடுகிறார்கள்? டியூப் லைட்டில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. மொட்டைமாடியில் வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான், இடது கை மட்டும் எலுமிச்சம்பழமாகவும் மற்றவை மோர்க்குழம்பாகவும் இருப்பது தெரிந்தது. இரண்டாவது கண்டின் நடுவில் முடிச்சும் இருந்தது, அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். மில்லிமீட்டர் அளவு பொறித்த 5 மி.மீ. ஊசி ஒரு ஜோடியும், ஒரே லாட் எண் கொண்ட நான்கு கண்டுகளும் செப்டம்பர் 1-க்குள் எனக்கு வந்து சேர வேண்டும். செப்டம்பர் இறுதியில் நான் டொரொண்டோ புறப்படுகிறேன். இப்போது கை பழகிவிட்டதால் மூன்று வாரங்களில் முடித்துவிட முடியும். விற்பனையில் உள்ள பெட்டிகளில் ஊசி அளவை மில்லிமீட்டரில் குறிப்பிட வேண்டும். ஏட்டைத் தமிழும் பின்னலும் தெரிந்த ஒருவரைக் கொண்டு திருத்தி அச்சிட வேண்டும். தங்கள் வசதிக்காக என் பிரதியை 61 இடங்களில் சிவப்பு மையால் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். என் டென்ஷன் குறித்து ஜூலை 29 அன்று சொல்லப்பட்ட கருத்தை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும்; அதை என் கணவரிடம் காட்ட வேண்டியிருக்கிறது.

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி இக்கடிதம் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை அளிப்பதும், ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்ப்பதும் தங்கள் கடமை என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருள்களுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது என்பதை விசாரித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பணம் செலுத்திய ரசீதின் நகல், நான்கு சுற்றுத்தாள்கள், காலிப்பரில் ஊசியை அளந்த புகைப்படம், திருத்திய வழிமுறை ஏடு, கூஜாவில் ஸ்வெட்டரை மாட்டி எடுத்த புகைப்படம். ஸ்வெட்டரை அனுப்பவில்லை, பேத்தியின் பொம்மைக்கு ஆகும் என்று மகள் கேட்டிருக்கிறாள்.