செட்டை விட ஒயர் முக்கியம்

ஆசிரியருக்கு,

பாய்மரப் படகிலேயே குடியிருந்து கடல் சுற்றுவோர் பற்றிய உங்கள் கட்டுரை, ஒரு ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தொலைதூரம் பேசும் வானொலி செட்) வாங்கி வைத்தால் போதும் என்கிறது. 100 வாட் செட் எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசமில்லை. அது பேசுமா, ஊமையாகுமா என்பது ஒயரிலும் எர்த்திலும்தான் இருக்கிறது.

பேசும்போது செட் சுமார் 22 ஆம்பியர் இழுக்கும். பெரும்பாலானவற்றுக்கு 11.7 வோல்ட்டாவது வேண்டும். குறைந்தால் குரல் உடையும், அல்லது செட் அணைந்துவிடும். பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர் ஒயர். அது 4 ஸ்கொயர் எம்.எம். என்றால் ஏறத்தாழ 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். இரவில் 12.4-ல் நிற்கும் பேட்டரியிலிருந்து செட்டுக்குக் கிடைப்பது 11.4. மற்றவர் பேசுவது நன்றாகவே கேட்கும், அதற்குச் சுமார் 1 ஆம்பியர் போதும். பதில் பேச பட்டனை அழுத்தினால் செட் செத்துவிடும். பழி செட்டின் மேல்! 10 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் நிற்கும். 30 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும்.

பாய்மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பியின் இரு முனையிலும் இன்சுலேட்டர் வைத்தால் அதுவே ஆண்டெனா. ஆண்டெனாவைச் செட்டுக்குப் பொருத்தமாக்கும் டியூனர் பெட்டி அதன் அடியிலேயே இருக்கட்டும். நீளம் 10 மீட்டர் மட்டும் வேண்டாம்: 14 மெகாஹெர்ட்ஸில் அது அரை அலைநீளம், டியூனர் திணறும். இணைப்பு ஒயரும் சேர்த்து 12 மீட்டர் நல்லது. கீழ் இன்சுலேட்டர் ஆள் உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். பேசும்போது தொட்டால் தோல் பொசுங்கும்.

ஃபைபர் படகில் பலர் கோட்டைவிடுவது எர்த்தில். டியூனரிலிருந்து 7, 8 செ.மீ. அகலச் செம்புத் தகடு, கடல்நீரைத் தொடும் வெண்கலப் பொருத்துக்குப் போக வேண்டும். உருண்டை ஒயர் இந்த அதிர்வெண்ணில் தடையாகிவிடும். நேராக இணைத்தால் டி.சி. கசிந்து வெண்கலம் அரிக்கும். எனவே தகட்டை 2, 3 மி.மீ. இடைவெளிவிட்டு வெட்டி, குறுக்கே சில 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர்களைப் பற்றவையுங்கள்; அவை டி.சி.யைத் தடுத்து ரேடியோ அலையை மட்டும் விடும். எர்த் சரியில்லையென்றால் மைக் உதட்டைச் சுடும், படகைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் திசை மாறும்.

செட்டில் கேட்கும் இரைச்சலுக்கு முதல் சந்தேகம் சோலார் கன்ட்ரோலர் மேல், பிறகு ஃப்ரிட்ஜ், எல்.இ.டி. விளக்கு. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கண்டுபிடித்ததன் ஒயரை, இரைச்சலை அடக்கும் 31 வகை ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் பத்துச் சுற்று சுற்றுங்கள். கேரவன் வேனுக்கும் இதே வைத்தியம்தான்.

இந்தியாவில் இதற்குத் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும்; வியாபாரப் பேச்சு கூடாது. ஆபத்தென்றால் முதலில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாய பீக்கனையும், கப்பல்களின் வி.எச்.எஃப். ரேடியோவில் அபாய அழைப்புக்கான 16-ஆம் சேனலையும் நாடுங்கள். உலக ஹாம்கள் அவசரத்துக்குக் கூடும் 14.300 மெகாஹெர்ட்ஸ் அதற்குப் பிறகுதான்.

– வாசகர், தூத்துக்குடி