நாய் பெல்ட்டின் கொக்கியையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்குகிறது. இனி சனி, ஞாயிறு வந்தால் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் வரிசைகட்டும். இப்போது நிறையக் கார்களில் நாயும் கூடவே வருகிறது. வளைவில் ஓரங்கட்டி, பிள்ளைகளோடு நாயையும் இறக்கிவிட்டு செல்பி எடுக்கிறார்கள். தடுப்புச் சுவரில் குரங்கு உட்கார்ந்திருக்கும். நாய் சும்மா இருக்குமா? பாயும். அந்த நேரத்தில் மேலிருந்து பஸ் இறங்கினால், நாயைக் காப்பாற்ற வேண்டியது சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு கொக்கிதான்.

நான் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். வளையம், கொக்கி, பற்றவைப்பு இவைதான் என் பிழைப்பு. வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய் வளர்கிறது. பட்டறைக்காரன் என்பதால் அக்கம்பக்கத்தில் நாய் வளர்ப்பவர்கள் "அண்ணா, இதைப் பத்தவெச்சுக் குடுங்க" என்று பெல்ட்டும் கையுமாக வந்து நிற்பார்கள். நான் பார்த்தவரை பட்டை அறுந்து வந்தது குறைவு. வளையமோ கொக்கியோ விட்டுப்போய் வந்ததுதான் அதிகம்.

கடையில் ஹார்னஸ் (நாயின் நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை) வாங்கும்போது நிறம், ஸ்பாஞ்ச், ராத்திரியில் மின்னும் பட்டை எல்லாம் பார்க்கிறோம். கயிறு மாட்டுகிற 'டி' வளையத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மலிவுச் சரக்கில் கம்பியை வளைத்து இரண்டு முனையையும் முட்டவைத்து விட்டுவிடுவார்கள். பற்றவைத்திருக்க மாட்டார்கள். மேலே முலாம் பூசியிருப்பதாலும், முனைகள் முட்டும் வாய் பெரும்பாலும் நேர்ப்பக்கத்தின் நடுவில், பட்டை மடிப்புக்குள் இருப்பதாலும் கண்ணுக்குத் தெரியாது. பட்டையைக் கட்டைவிரலால் ஒதுக்கிவிட்டு அந்த இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் அது பற்று வைக்காத வளையம். நாய் இழுக்க இழுக்க அந்த வாய் மயிரிழை மயிரிழையாக விரியும். ஒருநாள் பட்டை அதன் வழியாகவே நழுவி வந்துவிடும். கொலுசில் பற்று விட்டால் கொலுசு தொலையும், இங்கே நாய் தொலையும்.

அடுத்தது கொக்கி. காந்தம் ஒட்டவில்லை, அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். பித்தளையிலும் காந்தம் ஒட்டாது, துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது. ஒட்டினால் பெரும்பாலும் இரும்பின் மேல் முலாம் என்று சொல்லலாம், ஒட்டாவிட்டால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. மறைவான இடத்தில் அரத்தால் லேசாக ஒரு இழுப்பு இழுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. மங்கிய சாம்பல் தெரிந்து, விளிம்பு நெடுக அச்சு சேர்ந்த கோடும் ஓடினால் துத்தநாக வார்ப்பு. எஃகும் பித்தளையும் உடையுமுன் பெரும்பாலும் வளைந்து காட்டும். துத்தநாக வார்ப்பு அப்படிச் சொல்லிவிட்டுப் போகாது, பட்டென்று ஒடியும்.

25 கிலோ நாய்க்கு 25 கிலோ தாங்கும் கொக்கி போதும் என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து இழுப்பது வேறு, நாலடி ஓடிப்போய்க் கயிறு விறைக்கும்போது வெட்டி இழுப்பது வேறு. அப்போது விழும் பாரம் நாயின் எடையைவிடப் பல மடங்கு.

வாசல் கேட்டைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிஷம் போதும். கொக்கியின் நாக்கை இழுத்து விட்டால் தானாக முழுசாக மூட வேண்டும். பாதியில் நின்றால் உள்ளே மண்ணோ துருவோ இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுக்கேறி இன்னும் மண்ணை இழுக்கும். வெறும் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பென்சில் முனையைச் சுரண்டிய தூளைக் கொஞ்சம் தூவினால் வழுக்கிக்கொண்டு போகும். ஏற்காட்டுப் பனியில் நனைந்து வந்த கொக்கிக்கு இது அவசியம். அப்புறம், கொக்கியின் சுழலும் கழுத்தை ஆட்டிப் பாருங்கள். புதிதில் இருந்ததைவிட ஆட்டம் கூடியிருந்தால் உள்ளே ஆணித் தலை தேய்ந்துவிட்டது என்று பொருள். அதைப் பற்றவைத்து ஓட்டலாம் என்று என்னிடம் கொண்டுவர வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். பிளாஸ்டிக் பக்கிளில் வெளுத்துப்போன நிறம், மயிரிழை விரிசல் இருக்கிறதா பார்க்க வேண்டும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நொறுங்கும். மாட்டும்போது இரண்டு பக்கமும் பிடித்து 'டக்' என்று கேட்க வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இவற்றுக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம், தலையும் குறுகல். மிரண்டு பின்னால் நகர்ந்தால் ஹார்னஸைச் சட்டை கழற்றுவதுபோல உருவிப் போட்டுவிடும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் போகும் அளவுக்கு இறுக்கிவிட்டு, கேட்டுக்கு உள்ளேயே நாயின் முன்னால் நின்று கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கழுத்துப் பட்டையிலிருந்து ஹார்னஸுக்கு ஒரு சின்னக் கயிறு, தனிக் கொக்கி போட்டு மாட்டிவைத்தால் ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடிக்கும். சாவிக்கொத்து வளையத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

நாய் தப்பி ஓடினால் நமக்குத்தானே நஷ்டம் என்றும் இருக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் தடுக்கத் தவறியவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பைக்கில் வருபவர் குறுக்கே ஓடும் நாயால் விழுந்தால் "கொக்கி உடைஞ்சிடுச்சு சார்" என்று சொல்லி நழுவ முடியாது.

கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அட்டையில் விலை இருக்கிறது, தயாரித்தவர் பெயர் இருக்கிறது. வளையம் என்ன உலோகம், பற்றவைத்ததா, எவ்வளவு பாரம் தாங்கும் என்று பெரும்பாலும் இருப்பதில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலையே இருக்கிற சேலத்தில் ஒரு ஸ்டீல் வளையம் போட்டுத் தருவது அத்தனை பெரிய வேலையா? பத்து, இருபது ரூபாய் கூடக் கொடுக்க நாங்கள் தயார்.

ஏற்காடு கோடை விழாவில் வழக்கமாக நாய்கள் கண்காட்சியும் நடக்கிறது. நாய்களைப் பரிசோதிக்கும் இடத்திலேயே ஒரு மேஜை போட்டு வளையம், கொக்கி, பக்கிள் மூன்றையும் பார்த்து அனுப்ப விழா ஏற்பாட்டாளர்கள் வழி செய்தால் நல்லது. ஆள் இல்லை என்றால் அரமும் காந்தமும் எடுத்துக்கொண்டு நானே வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர்,
சிவதாபுரம், சேலம்.