வினிகர் ஏன் 7-இல் நிற்பதில்லை

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. உன் பேத்தி வேதியியலை விரும்பிப் படிக்கிறாள் என்ற செய்தியைவிட, அவள் கேட்ட கேள்வியை நீ அப்படியே எழுதி அனுப்பியது எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது. வினிகரோடு சரியான அளவு காரம் சேர்த்து நடுநிலையாக்கிய பிறகும் பி.எச். (கரைசலின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7 என்றால் நடுநிலை, அதற்கு மேல் காரம்) ஏன் 7-இல் நிற்பதில்லை என்று கேட்கும் பிள்ளை, பாடத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளை அல்ல.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்க்கும்போது உண்மையில் நடப்பது ஒன்றுதான்: ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் கூடி நீராகின்றன, சோடியமும் குளோரைடும் வினையில் கலந்துகொள்வதே இல்லை. அதனால்தான் நைட்ரிக் அமிலத்தை எடுத்தாலும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடை எடுத்தாலும், நீர்த்த கரைசல்களில் ஒரு மோல் நீர் (சுமார் 18 கிராம்) உருவாகும்போது ஏறத்தாழ 57 கிலோஜூல் என்ற அதே வெப்பம் வெளிப்படுகிறது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமோ வலிமை குறைந்தது. அது காரத்தால் முழுவதும் தீர்ந்த பின் மிஞ்சும் அசிட்டேட் அயனி, நீரிடமிருந்து ஹைட்ரஜன் அயனியைச் சிறிதளவு பிடுங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடை வெளியே விடுகிறது. அமிலமும் காரமும் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசல்கள் என்றால் பி.எச். 8.7 அளவில் நிற்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டன என்பதற்கும் கரைசல் நடுநிலையில் இருக்கிறது என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் கல்லூரி ஆய்வகத்தில் 25 மில்லிலிட்டர் அசிட்டிக் அமிலத்தில் நீ மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியைச் (பி.எச்.-க்கு ஏற்ப நிறம் மாறும் பொருள்) சேர்த்துவிட்டு, எட்டு மில்லிலிட்டர் காரம் இறங்குவதற்குள் நிறம் மாறியதைக் கண்டு திகைத்து நின்றது நினைவிருக்கிறதா? அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அப்போது தீர்ந்திருக்கவில்லை, பி.எச். 4.4-ஐ எட்டும்போதே மெத்தில் ஆரஞ்சு மஞ்சளாகிவிடும். பினாப்தலீன் என்ற மற்றொரு நிறங்காட்டி 8.2-க்கு மேல்தான் சிவக்கத் தொடங்கும் என்பதால், காரத்தைச் சிறிது சிறிதாக விட்டு அமிலத்தை அளக்கும் இந்தத் தரம்பார்த்தலுக்கு அதுவே பொருந்தும்.

பேத்திக்கு இதை வீட்டிலேயே காட்டு. ஆரத்திக்குக் கரைப்பதுபோல மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும். எலுமிச்சைச் சாற்றைப் பிழியப் பிழிய மீண்டும் மஞ்சளாகும்.

ஒன்றை மட்டும் மறவாமல் சொல்லிவை. ஆய்வகத்தில் கையில் அமிலம் பட்டால், நடுநிலையாக்குவதாக எண்ணிக் காரத்தை ஊற்றக் கூடாது. நான் மேலே எழுதிய அந்த வெப்பம் தோலின் மீதே வெளிப்படும், மிஞ்சும் காரமும் அரிக்கும். ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய ஆய்வகத் தோழன்