வண்ணப் பெட்டிக்கு முன் நல்ல தாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைபேசிக் காணொளிகளைப் பார்த்துத் தாமாகவே நீர்வண்ணம் பழகுகிறவர்கள் மதுரையில் நிறையப் பேர். அவர்களில் பலர் சில மாதங்களிலேயே 'எனக்குக் கை வரவில்லை' என்று ஒதுங்கிவிடுவது வருத்தம் தருகிறது. பெரும்பாலும் கோளாறு கையில் இல்லை, தாளில்தான்.

24 வண்ணப் பெட்டிக்குக் காசைக் கொடுத்துவிட்டு சார்ட் பேப்பரில் தீட்டினால் தேர்ந்த ஓவியருக்கும் படம் சரிவராது. மெல்லிய தாள் ஈரம் பட்டதும் அலையலையாக உப்பும். பள்ளத்தில் வண்ணம் தேங்கித் திட்டாகக் காயும். அதே இடத்தில் மறுபடி பிரஷ் பட்டால் நார் உரிந்து வரும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த பருத்தித் தாள் விலை கூடுதல்தான். ஆனால் 22க்கு 30 அங்குல முழுத்தாளை எட்டாக வெட்டினால், 11க்கு ஏழரை அங்குலத்தில் எட்டுத் துண்டு கிடைக்கும். பின்பக்கமும் பயிற்சிக்கு உதவும்.

வண்ணம் மூன்று போதும்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியென்னா என்னும் செம்பழுப்பு, ஏதேனும் ஒரு மஞ்சள். முதல் இரண்டையும் குழைக்கும்போது நீலம் கூடினால் மழைமேகச் சாம்பல், பழுப்பு கூடினால் பாறை நிறம், தண்ணீரைக் குறைத்தால் ஏறக்குறைய கறுப்பு. தனியாகக் கறுப்பு வாங்கத் தேவையில்லை. பிரஷ்ஷும் 8ஆம் எண் உருண்டை ஒன்றே போதும். நனைத்து உதறினால் முனை ஊசியாகக் கூட வேண்டும். அதைத் தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிறுத்தி வைத்தால் முனை வளைந்துவிடும், பிடியின் பசையும் விடும்.

நம் ஊர் வெயிலைக் காணொளிகள் கணக்கில் எடுப்பதில்லை. சித்திரை மதியத்தில் வானத்துக்கு வாஷ் (நீர்த்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவது) இழுத்தால், பாதி வருவதற்குள் மேல்பாதி காய்ந்து கோடு விழும். காலை 6 முதல் 8.30க்குள் முடிப்பது நல்லது. தேவைப்படும் என்று தோன்றுவதைப்போல் இரு மடங்கு வண்ணத்தை முதலிலேயே கரைத்துக்கொள்ளுங்கள். தாளைப் பொருத்திய பலகையின் தலைப்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தினால், ஒவ்வோர் இழுப்பின் அடியிலும் நீர் மணியாகத் திரளும். அடுத்த இழுப்பு அந்த மணியைத் தொட்டுச் செல்ல வேண்டும். ஈரத்தின் மினுமினுப்பு மறையத் தொடங்கிய பிறகு தொடவே கூடாது. அப்போது வைக்கும் ஈரப் பிரஷ், பாதி காய்ந்த வண்ணத்தைத் தள்ளிக் காலிஃபிளவர் போன்ற கறையை உண்டாக்கும். முழுக்கக் காயும்வரை காத்திருப்பதுதான் வழி.

இவற்றைவிட முக்கியம், ஒளியின் அளவைப் படிப்பது. திருமலை நாயக்கர் மகால் முற்றத்தின் ஓரமாக அமர்ந்து ஒரே ஒரு தூணைப் பாருங்கள். வெள்ளைத் தூண்தான், ஆனால் வெள்ளையாகத் தெரிவது வெளிச்சம் விழும் பட்டை மட்டும். மிகக் கருத்த இடம் விளிம்பில் இல்லை, விளிம்புக்குச் சற்று உள்ளே இருக்கிறது. தரையிலும் பக்கத்துத் தூணிலும் பட்டுத் திரும்பும் ஒளி விளிம்பை லேசாக வெளுக்கச் செய்கிறது. இதை விட்டுவிட்டால் தூண் உருளாது, தட்டைப் பலகையாகத்தான் நிற்கும். பர்ன்ட் சியென்னாவும் அல்ட்ராமரைனும் கலந்த ஒரே சாம்பலை ஐந்து அளவாக நீர்த்து, கண்ணை இடுக்கிப் பார்த்து இந்த ஒரு தூணைப் பத்து முறை தீட்டலாம். யானைமலையையும் அப்படியே. சாய்ந்த காலை ஒளியில் பாறையின் மடிப்புகள் பிரிந்து தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் ஒன்றாகிவிடும். கைபேசிப் படத்தைப் பார்த்துத் தீட்டினால் இது பிடிபடாது. நிழலுக்குள் இருக்கும் நுட்பங்களைக் கேமரா பெரும்பாலும் கறுப்பாக்கிவிடுகிறது.

கோடை விடுமுறையில் ஓவியப் போட்டி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழுக்கும் கேடயத்துக்கும் ஆகும் செலவில் கொஞ்சம் குறைத்து, ஆளுக்கு ஒரு எட்டில்-ஒன்று துண்டு 300 ஜிஎஸ்எம் தாளை நீங்களே கொடுங்கள்.

- ஓவிய ஆர்வலர்கள், மதுரை